ஈசி ஷெட்டிலிருந்து வெளியேறும் அம்மோனியா: ஃபேன் லேபிளை வைத்துப் போட்ட கணக்கு சரிதானா?

பல்லடம் பண்ணை | ஜனவரி 11, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். பல்லடம் பக்கம் இரண்டு ஈசி ஷெட் (வெப்பத்தையும் காற்றையும் ஃபேன் வைத்துக் கட்டுப்படுத்தும் மூடிய கோழிக் கொட்டகை) வைத்து, கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்த்துக் கொடுக்கிறேன். ஒவ்வொரு ஷெட்டும் 400 அடி நீளம், 40 அடி அகலம். ஃபால்ஸ் சீலிங் 8 அடி உயரத்தில் இருக்கிறது. ஷெட்டுக்கு 20,000 கோழி, பத்து ஃபேன்.

ஊருக்குள் வாடை வருகிறது என்று பேச்சு எழுந்தது. மூடி மறைப்பதில் எனக்கு விருப்பமில்லை. நானே பணம் கொடுத்து ஓர் ஆலோசகரை வரவழைத்தேன். கோழிக்கு அப்போது 35 நாள். விடிகாலை 5 மணிக்கு ஷெட் நடுவில் நின்று கை மீட்டரில் பார்த்தார், அம்மோனியா 18 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 18 பங்கு). மத்தியானம் 2 மணிக்குப் பார்த்தார், 4 பிபிஎம். அப்புறம் ஃபேன் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டார். அதில் மணிக்கு 42,000 கன மீட்டர் என்று போட்டிருக்கிறது.

பத்து நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில், ஒரு ஷெட்டிலிருந்து நாளொன்றுக்கு 127 கிலோ அம்மோனியா வெளியேறுகிறது என்று எழுதியிருக்கிறார். இரண்டு ஷெட்டுக்கும் சேர்த்தால் கால் டன். அந்தத் தாளைப் படித்ததிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. அது உண்மை என்றால் செய்ய வேண்டியதைச் செய்துவிடுகிறேன். தப்பு என்றால் எந்த இடத்தில் தப்பு என்று எனக்குப் புரிய வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

காற்றளவு | ஜனவரி 11, இரவு 11:05

அண்ணா, அமெரிக்காவில் கோழி ஷெட் அளவீட்டில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். அவர் போட்ட கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 1 பிபிஎம் அம்மோனியா என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 0.7 மில்லிகிராம். 18 பிபிஎம்முக்கு 12.6 மில்லிகிராம். அதைப் பத்து ஃபேனின் லேபிள் அளவான 4,20,000 கன மீட்டரால் பெருக்கி, 24 மணி நேரத்தால் பெருக்கினால் 127 கிலோ வந்துவிடுகிறது. பெருக்கல் சரி. பெருக்கிய இரண்டு எண்களும் ஒரே நேரத்தைச் சேர்ந்தவை இல்லை, அங்கேதான் தப்பு.

விடிகாலை 5 மணிக்கு உங்கள் ஷெட்டில் எத்தனை ஃபேன் ஓடியது? ஃபேன்களை ஓட்டி நிறுத்தும் கண்ட்ரோலரில் பாருங்கள், இரண்டோ மூன்றோதான் இருக்கும். ஃபேன் குறைவாக ஓடியதால்தான் 18 பிபிஎம் ஏறியது. பத்தும் ஓடியது மத்தியானம், அதனால்தான் 4-க்கு இறங்கியது. விடிகாலை அடர்த்தியை எடுத்து மத்தியானக் காற்றோடு பெருக்கினால், உங்கள் ஷெட்டில் எந்த நேரத்திலும் இல்லாத ஒரு நிலைமைக்கு எண் கிடைக்கும்.

வெளியேற்றம் என்பது, வெளியே போகும் காற்றில் உள்ள அடர்த்தியிலிருந்து உள்ளே வரும் காற்றில் உள்ள அடர்த்தியைக் கழித்து, அதே நிமிடத்தில் ஓடும் காற்றின் அளவால் பெருக்குவது. எல்லோரும் அம்மோனியா மீட்டருக்குத்தான் செலவு செய்கிறார்கள். பெருக்கலின் மறுபாதியான காற்றோட்டத்தை லேபிளைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பெரிய பிழை வருவது அந்தப் பாதியிலிருந்துதான்.

---

கால்நடை மாணவி | ஜனவரி 12, காலை 6:50

நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். 127 கிலோ நடக்கக்கூடியதா என்று தீவனப் பக்கத்திலிருந்து பார்க்கலாம் சார்.

127 கிலோவை 20,000 கோழிக்குப் பிரித்தால், ஒரு கோழி நாளுக்கு 6.3 கிராம் அம்மோனியா. 35 நாள் கோழி நாளுக்குச் சுமார் 170 கிராம் தீவனம் சாப்பிடும். புரதம் 19 சதவீதம் என்று வைத்தால் 32 கிராம் புரதம். 6.25-ஆல் வகுத்தால் 5.2 கிராம் நைட்ரஜன். இதில் ஏறக்குறைய 60 சதவீதம் கறியாக உடம்பில் தங்கிவிடும். எச்சத்தில் போவது 2 கிராமுக்குக் கொஞ்சம் மேல். அந்த நைட்ரஜன் மொத்தமும் மிச்சமில்லாமல் அம்மோனியாவாக மாறினாலும் 2.5 கிராம்தான் வரும். முந்தின நாட்களின் எச்சமும் லிட்டரில் (கோழிக்கு அடியில் தரையில் பரப்பிய மஞ்சியில்) கிடக்கிறது என்பது சரி, ஆனால் அதைச் சேர்த்தாலும் நாள் தவறாமல் 6.3 கிராம் வர வாய்ப்பே இல்லை. அந்த ரிப்போர்ட்டின்படி கோழி தின்னும் நைட்ரஜன் அத்தனையும் ஷெட்டை விட்டு வெளியே போகிறது.

---

பல்லடம் பண்ணை | ஜனவரி 12, காலை 8:15

ரொம்ப நன்றி தம்பி, நன்றிம்மா. கண்ட்ரோலரில் பழைய பதிவைப் பார்த்தேன். அன்று விடிகாலை இரண்டே ஃபேன்தான் ஓடியிருக்கிறது. மத்தியானம் பத்தும்.

அப்படியானால் விடிகாலைக்கு 84,000, மத்தியானத்துக்கு 4,20,000 என்று லேபிள்படி எடுத்துக்கொண்டால் போதுமா?

---

உடுமலை ஃபேன் | ஜனவரி 12, காலை 10:30

போதாதுங்க. 17 வருடமாக ஷெட் ஃபேன் ரிப்பேர் பார்க்கிறேன். லேபிளில் இருப்பது புது ஃபேன், எதிர்ப்பே இல்லாமல் சும்மா சுற்றும்போது தள்ளுகிற காற்று. உங்கள் ஷெட்டில் அந்தக் காற்று பேட் (தண்ணீர் ஓடும் குளிரூட்டும் அட்டை) வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். பல்லடம் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். இரண்டு வருடம் ஓடிய பேடை விரலால் அழுத்திப் பாருங்கள், ஓட்டை ஓட்டையாக இருந்த அட்டை சுண்ணாம்புக் கல் மாதிரி இறுகிக் கிடக்கும். வரும் வழி அடைபட அடைபட ஃபேன் தள்ளும் காற்று குறையும்.

அடுத்தது பெல்ட். ஃபேனை நிறுத்திவிட்டு மோட்டார் புல்லியைப் பாருங்கள். புது பெல்ட் புல்லியின் விளிம்புக்குச் சமமாக உட்கார்ந்திருக்கும். தேய்ந்தது பள்ளத்துக்குள் இறங்கிவிடும். அது இறங்கினாலே சின்னப் புல்லி போட்ட மாதிரி, இறக்கை மெதுவாகத்தான் சுற்றும். பள்ளத்தின் அடி கண்ணாடி போலப் பளபளத்தால் பெல்ட் அடியில் உரசி வழுக்குகிறது என்று அர்த்தம். 50 இஞ்ச் ஃபேன் நிமிடத்துக்கு 440 சுற்று வாக்கில் ஓட வேண்டும். 380-இல் ஓடும் ஃபேன்களைத் தினமும் பார்க்கிறேன். சத்தம் ஒரே மாதிரி இருப்பதால் பண்ணைக்காரருக்குத் தெரியாது.

மூன்றாவது ஷட்டர், ஃபேன் வாயில் திறந்து மூடும் இதழ்கள். இறகுத் தூசியும் லிட்டர் தூசியும் ஈரத்தோடு சேர்ந்து இதழ்களில் களிமண் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பாரம் தாங்காமல் இதழ் பாதிதான் திறக்கும். ஃபேன் ஓடும்போது வெளியே போய் நின்று பாருங்கள், இதழ் படுக்கைவசமாக நிற்கிறதா, சாய்ந்து தொங்குகிறதா என்று.

---

காற்றளவு | ஜனவரி 12, மதியம் 1:20

உடுமலை அண்ணன் சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாயு அளவீட்டுக்குப் போகும் ஆய்வுக் குழுக்களும் இதையெல்லாம் பார்த்த பிறகுதான் கருவியை இறக்குவார்கள்.

லேபிளை நம்ப முடியாது என்பதால்தான் அமெரிக்காவில் ஒரு கருவியே செய்தார்கள். வேளாண் துறையின் கோழி ஆய்வகத்தில் தொடங்கி, கென்டக்கி பல்கலைக்கழகத்தில் மெருகேற்றியது. பெயரும் ஃபேன்ஸ்தான். ஃபேன் அளவுக்கு ஒரு சதுரச் சட்டம், அதன் குறுக்கே ஒரு கம்பி, கம்பியில் ஐந்து சின்னக் காற்றாடிகள். சட்டத்தை ஃபேனின் உள்பக்கத்தில் ஒட்ட வைத்து ஓரத்தை அடைத்துவிட்டால், கம்பி கீழிருந்து மேலாக மெதுவாக ஊர்ந்து வாய் முழுவதையும் வருடிப் படிக்கும். ஒவ்வொரு ஃபேனும் அதன் இடத்திலேயே, அதன் அழுக்கோடும் தேய்மானத்தோடும், உண்மையில் எவ்வளவு தள்ளுகிறது என்று தெரிந்துவிடும். இதையே வெவ்வேறு நிலை அழுத்தத்தில் (ஷெட்டின் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்) செய்து ஒரு கோடு வரைந்துகொள்வார்கள். பிறகு எந்த ஃபேன் எந்த நிமிடம் ஓடுகிறது, அழுத்தம் எவ்வளவு என்று மட்டும் பதிவு செய்தால் போதும், காற்று கணக்கில் வந்துவிடும்.

2005-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கால்நடைப் பண்ணைகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. அதன்படி 2007 முதல் 2010 வரை பல மாநிலங்களில் கோழி, பன்றி, மாட்டுக் கொட்டகைகளில் பெரிய அளவீடு நடந்தது. அதில் ஃபேன் காற்றோட்டத்தை அளப்பதற்கே தனி உழைப்பு போட்டார்கள்.

உங்களுக்கு அந்தக் கருவி வேண்டாம். உங்களுடையதைப் போல ஒரு கோடியில் காற்று நுழைந்து மறுகோடியில் ஃபேன் வழியாகப் போகும் டனல் ஷெட்டுக்கு எளிய வழி இருக்கிறது: ஷெட்டின் குறுக்குவெட்டில் காற்றின் வேகத்தை அளந்து, குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்குங்கள். சின்னக் காற்றாடி வைத்த அனிமோமீட்டர் போதும். செய்முறையைச் சொல்கிறேன், இதில் அவசரப்பட்டால் எண் கெட்டுவிடும்.

ஃபேன் சுவரிலிருந்து நூறு அடி தள்ளி நில்லுங்கள். அதற்கும் கிட்டே போனால் காற்று ஃபேன் வாய்களை நோக்கி வளையத் தொடங்கிவிடும். பேட் பக்கமாகத் தள்ளிப் போனால், பக்கவாட்டுக் கர்ட்டன் இடுக்கில் நுழையும் காற்று கணக்கில் வராது. அகலத்தை ஏழு சம பாகமாகவும் உயரத்தை மூன்று சம பாகமாகவும் பிரித்தால் 21 கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் 30 விநாடி சராசரி எடுங்கள். சுவர் ஓரத்திலும் தரைக்கு மேலேயும் வேகம் குறைவாகத்தான் இருக்கும், அது கருவியின் தப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். நடுவில் மட்டும் அளந்தால் ஷெட்டில் இல்லாத காற்றையும் சேர்த்து எழுதுவீர்கள்.

உடம்பு காற்றை மறைக்கும். மீட்டரை ஒரு கம்பில் கட்டி, கையை நீட்டி, பக்கவாட்டில் நின்று பிடியுங்கள். கோழி எழுந்து ஒதுங்கும், அது திரும்ப உட்காரும்வரை காத்திருங்கள். ஃபேனின் வெளிப்பக்கத்தில் அளக்கவே வேண்டாம். அங்கே காற்று சுழன்றுகொண்டு வரும், மீட்டர் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும்.

---

கொடுமுடியார் | ஜனவரி 12, மாலை 5:45

முப்பது வருடமாகக் கோழி வளர்க்கிறேன். தம்பிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இத்தனை கணக்கும் எதற்கு? லிட்டர் காய்ந்து கிடந்தால் வாடை இருக்காது. தண்ணீர் நிப்பிள் ஒழுகாமல் பார்த்துக்கொள், மஞ்சியைத் தினம் கிளறிவிடு, ஃபேன் பக்கம் மரம் நடு. ஊர்க்காரனுக்கு வேலியில் வாடை வருகிறதா இல்லையா என்பதுதான் பேச்சு. அளப்பதாக இருந்தால் வேலியில் அளந்துவிட்டுப் போகலாமே.

---

காற்றளவு | ஜனவரி 12, இரவு 8:10

ஐயா, ஈர லிட்டர்தான் அம்மோனியாவின் பிறப்பிடம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

வேலியில் அளப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வாழ்கிறவர்கள். ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் எவ்வளவு அம்மோனியா வெளியேறினாலும் வேலியில் கரைந்துபோகும். மார்கழி விடிகாலையில் காற்று அசையாமல் நிற்கும்போது அதில் பாதி வெளியேறினாலும் ஊரே மூக்கைப் பிடிக்கும். வேலியில் கிடைக்கும் எண், பண்ணையைவிட வானிலையைப் பற்றித்தான் அதிகம் சொல்லும்.

இன்னொன்று. லிட்டரைக் காய வைத்த பிறகு ஷெட்டில் பிபிஎம் குறைந்தால், அது லிட்டரால் குறைந்ததா, வெயில் ஏறி ஃபேன் கூட ஓடியதால் குறைந்ததா? காற்றை அளக்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது ஐயா. நீங்கள் செய்கிற வேலைக்குப் பலன் இருக்கிறது என்று காட்டவும் இந்தக் கணக்கு வேண்டும்.

---

கொடுமுடியார் | ஜனவரி 12, இரவு 8:40

அந்த இரண்டாவது விஷயம் எனக்குத் தோன்றவில்லை. சரி, அளக்கட்டும்.

---

கால்நடை மாணவி | ஜனவரி 13, காலை 7:15

சார், அனிமோமீட்டர் இல்லாமல் கோழியின் மூச்சை வைத்தே காற்றோட்டத்தைக் கணக்கிடும் முறை உண்டு என்று படித்தேன். நாமக்கல்லில் பெரும்பாலான முட்டைக்கோழி ஷெட்டுகள் இருபக்கமும் திறந்தவை. அங்கே ஃபேனே இல்லை. அவற்றுக்கு இது பயன்படுமா?

---

காற்றளவு | ஜனவரி 13, காலை 9:30

கார்பன் டை ஆக்சைடு சமநிலை முறையைச் சொல்கிறீர்கள். அழகான முறை. கோழி எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு விடும் என்பது அதன் உடல் வெப்பத்தோடு சேர்ந்தது. கறிக்கோழிக்கான சூத்திரம், எடையின் 0.75 அடுக்கை 10.62-ஆல் பெருக்கு என்பது. 2 கிலோ கோழிக்குச் சுமார் 17.9 வாட் வருகிறது. 20,000 கோழிக்கு 357 கிலோவாட். ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மணிக்கு 0.185 கன மீட்டர் கார்பன் டை ஆக்சைடு. ஆக மொத்தம் மணிக்கு 66 கன மீட்டர். இதை உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள கார்பன் டை ஆக்சைடு வித்தியாசத்தால் வகுத்தால் காற்றோட்டம் கிடைத்துவிடும்.

ஆனால் இந்த முறை எங்கே நிற்கும், எங்கே விழும் என்று தெரிந்திருக்க வேண்டும். விடிகாலை இரண்டு ஃபேன் ஓடும்போது வித்தியாசம் 1,000 பிபிஎம்முக்கு மேல் இருக்கும். மீட்டர் 50 பிபிஎம் தவறினாலும் பெரிய பாதகம் இல்லை. மத்தியானம் பத்து ஃபேனும் ஓடும்போது வித்தியாசம் 200 சொச்சம்தான். அங்கே 50 தவறினால் கணக்கில் கால்வாசி போய்விடும். குளிர்நாட்டில் மூடிய கொட்டகைக்கு இது பொருந்தியதற்கும் நம் வெயிலுக்குத் தடுமாறுவதற்கும் காரணம் இதுதான். திறந்த முட்டைக்கோழி ஷெட்டில் காற்று அடிக்கும்போது வித்தியாசம் மீட்டரின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். அதற்கு நீங்கள் முதலில் போட்டுக் காட்டிய நைட்ரஜன் வரவு-செலவுதான் நம்பகமான வழி.

---

வாகெனிங்கன் வாசி | ஜனவரி 13, பிற்பகல் 3:50

நெதர்லாந்தில் மாட்டுக் கொட்டகை அளவீட்டில் இருக்கிறேன். நாமக்கல் திறந்த ஷெட்டின் சிக்கல் அப்படியே எங்களுக்கும் உண்டு. இங்கே கறவை மாட்டுக் கொட்டகைகள் பக்கச்சுவர் திறந்தவை. காலையில் தென்மேற்குக் காற்று ஒரு சுவர் வழியாக நுழையும், மாலையில் திசை திரும்பி அதே சுவர் வழியாக வெளியேறும். எது உள்வாய், எது வெளிவாய் என்பதே நிலையில்லை.

பன்றி, கோழிக் கொட்டகைகளில் இந்தத் தொல்லை இல்லை. கூரைக் குழாய்க்குள் அதே விட்டத்தில் மோட்டார் இல்லாத ஓர் இறக்கையைப் பொருத்திவிடுவார்கள். போகிற காற்றே அதைச் சுற்றும். சுற்றை எண்ணினால் காற்று தெரிந்துவிடும். ஷெட் வாழ்நாள் முழுக்க அது அங்கேயே இருக்கும்.

மாட்டுக் கொட்டகைக்கு, மாடு விடாத ஒரு வாயுவைத் தெரிந்த அளவில் தரையோரம் சொட்டுச் சொட்டாக விட்டு, காற்றில் அது எவ்வளவு நீர்த்துப்போகிறது என்று பார்ப்பார்கள். சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு நீண்ட நாள் பயன்பட்டது. துளியூண்டு இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 23,500 மடங்கு. மாசை அளக்கப் போய் அதைக் காற்றில் விடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கும். ஜெர்மனியில் கதிரியக்கக் கிரிப்டான்-85 கூடப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இப்போது அதிகம் கைகொடுப்பது மாட்டின் மூச்சுதான். 650 கிலோ எடையும் 28 லிட்டர் பாலும் உள்ள ஒரு மாடு மணிக்குச் சுமார் 260 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடும் என்று எடுத்துக்கொண்டு, கொட்டகை முழுக்கப் பல புள்ளிகளில் காற்றை உறிஞ்சிக் கலந்து அளக்கிறோம்.

இங்கே இது ஆய்வோடு நிற்கிற விஷயம் இல்லை. 2019 மே 29 அன்று பண்ணைகளுக்கு அனுமதி தர அரசு வைத்திருந்த நைட்ரஜன் திட்டத்தை நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது. அதன் பிறகு ஒரு கொட்டகையிலிருந்து எவ்வளவு அம்மோனியா போகிறது என்ற எண்ணில்தான் விவசாயியின் அனுமதி தொங்குகிறது. எண்ணில் பிழை இருந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போகும், இல்லையென்றால் பக்கத்துக் காடு போகும். பல்லடம் அண்ணன் இப்போதே அளக்கக் கற்றுக்கொள்வது நல்லது.

---

பல்லடம் பண்ணை | ஜனவரி 29, இரவு 10:20

பதினைந்து நாளாகக் காணாமல் போய்விட்டேன், மன்னிக்கவும். இந்த பேட்சுக்கு இன்று 35 நாள். ஷெட் 1-இல் அளந்துவிட்டேன்.

முதலில் உடுமலை அண்ணன் சொன்னபடி பார்த்தேன். பத்தில் நான்கு ஃபேனில் பெல்ட் பள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறது. இரண்டில் ஷட்டர் பாதிக்கு மேல் திறக்கவே இல்லை. எதையும் சரிசெய்யாமல், ஆலோசகர் வந்தபோது இருந்த அதே நிலையில் முதலில் அளந்தேன்.

மத்தியானம் 2 மணி, பத்து ஃபேன். மகன் கம்பைப் பிடித்தான், நான் எழுதினேன். 21 கட்டத்தின் சராசரி 512 வந்தது. என்னடா இது, புயல் வேகம் என்று பதறிவிட்டேன். அப்புறம்தான் மீட்டர் நிமிடத்துக்கு அடி என்ற அளவில் நிற்பது தெரிந்தது. 197-ஆல் வகுத்தால் விநாடிக்கு 2.6 மீட்டர். ஷெட்டின் குறுக்குவெட்டு 29.7 சதுர மீட்டர். பெருக்கினால் மணிக்குச் சுமார் 2,78,000 கன மீட்டர். லேபிள்படி 4,20,000 இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு காற்று இல்லவே இல்லை.

நடுவில் 3.2 இருந்த வேகம், சுவர் ஓரக் கட்டங்களில் 1.7-க்கு இறங்கியது. நடுவில் மட்டும் பிடித்திருந்தால் ஏமாந்திருப்பேன்.

விடிகாலை 5 மணிக்கு விளக்கு போட்டு, கோழி எழுந்து தீவனம் தின்ன ஆரம்பித்த பிறகு கார்பன் டை ஆக்சைடு பார்த்தேன். வெளியே 450, உள்ளே 1,580. வித்தியாசம் 1,130 பிபிஎம், அதாவது 0.00113. மாணவிக்குத் தம்பி சொன்ன கணக்குப்படி 66-ஐ வகுத்தால் 58,400 கன மீட்டர். அப்போது ஓடிய இரண்டும் நல்ல நிலையில் உள்ள ஃபேன், ஒவ்வொன்றும் 33,000 தள்ளும் என்று உடுமலை அண்ணன் கணித்தார். அப்படிப் பார்த்தால் 66,000. இரண்டு எண்ணும் ஏன் ஒத்துவரவில்லை?

அம்மோனியா இந்த முறையும் ஏறக்குறைய அதேதான், விடிகாலை 18, மத்தியானம் 4.

---

காற்றளவு | ஜனவரி 30, காலை 6:10

அண்ணா, அருமையாகச் செய்திருக்கிறீர்கள். பழுதைச் சரிசெய்வதற்கு முன்னால் அளந்தது மிகச் சரி.

58,400-க்கும் 66,000-க்கும் உள்ள இடைவெளி ஒரு தடயம். கோழி 28 டிகிரி ஷெட்டில் இருந்தால், 20 டிகிரிக்கு எழுதிய சூத்திரத்தைவிடக் குறைவாகவே வெப்பமும் கார்பன் டை ஆக்சைடும் விடும். அதைத் திருத்தினால் 58,400 இன்னும் கீழே போகும், இடைவெளி கூடும். மீட்டரைக் குறை சொல்வதற்கு முன் ஓடாத எட்டு ஃபேனின் ஷட்டர்களைப் பாருங்கள். சரியாக மூடாத ஷட்டர் வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைந்து, பக்கத்தில் ஓடும் ஃபேன் வழியாக அப்படியே திரும்பிப் போகும். ஃபேன் 66,000 தள்ளுகிறது, ஆனால் கோழியைத் தொட்டுவிட்டு வரும் காற்று அவ்வளவு இல்லை. விடிகாலையில் ஓடாத ஃபேன் முன்னால் ஒரு பஞ்சு நூலைப் பிடியுங்கள், நூல் உள்ளே பறந்தால் இதுதான் காரணம்.

இப்போதைக்கு 60,000 என்று வைப்போம். விடிகாலை 12.6 மில்லிகிராமை 60,000-ஆல் பெருக்கினால் மணிக்கு 756 கிராம். மத்தியானம் 2.8 மில்லிகிராமை 2,78,000-ஆல் பெருக்கினால் மணிக்கு 778 கிராம். மூக்கைத் துளைக்கும் விடிகாலையிலும் வாடையே தெரியாத மத்தியானத்திலும் ஷெட்டை விட்டுப் போகும் அம்மோனியா கிட்டத்தட்ட ஒன்றுதான். நாளுக்குச் சுமார் 18 கிலோ, கோழிக்கு 0.9 கிராம். கடைசி வாரத்துக்கு இது நம்பக்கூடிய எண், மாணவி சொன்ன 2.5 கிராம் உச்சவரம்புக்குள்ளும் இருக்கிறது. ரிப்போர்ட்டில் இருந்தது இதைப் போல ஏழு மடங்கு.

ஆனால் இந்த 18 கிலோவையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கை மீட்டர் 4 என்று காட்டினால் அது 3-ஆகவும் இருக்கலாம், 5-ஆகவும் இருக்கலாம். 2,78,000-ஆல் பெருக்கும்போது அந்த 1 பிபிஎம் பெரிதாகிவிடும். நாள் முழுக்க அம்மோனியாவிலேயே கிடக்கும் மின்வேதி சென்சார் களைத்தும்போகும், இடையிடையே சுத்தக் காற்று காட்ட வேண்டும். இன்னொன்று, மாதிரியை ஷெட் நடுவில் எடுக்காமல் ஓடும் ஃபேனின் வாயருகே எடுங்கள். ஊருக்குள் போவது அந்தக் காற்றுதான்.

---

கால்நடை மாணவி | ஜனவரி 30, காலை 8:45

அமிலக் குப்பி வைத்தால் என்ன சார்? சின்ன பம்ப் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் காற்றை நீர்த்த கந்தக அமிலத்தின் வழியாக இழுக்கட்டும். 24 மணி நேரத்தில் 1,440 லிட்டர். அம்மோனியா அமிலத்தில் தங்கிவிடும், ஆய்வகத்தில் அளந்துகொள்ளலாம். நாள் சராசரி கிடைத்துவிடும்.

---

காற்றளவு | ஜனவரி 30, காலை 9:20

குப்பி நல்ல யோசனை. ஆனால் ஒரே குப்பியை நாள் முழுக்க வைக்காதீர்கள். பாதி நேரம் 18, பாதி நேரம் 4 என்றால் குப்பி 11 என்று சொல்லும். காற்றின் சராசரி 1,69,000. இரண்டையும் பெருக்கினால் மணிக்கு 1.3 கிலோ, நாளுக்கு 31 கிலோ. நாம் நேரத்துக்கு நேரம் பெருக்கிப் பார்த்தது 18. அடர்த்தி ஏறும்போது காற்று இறங்குகிறது, காற்று ஏறும்போது அடர்த்தி இறங்குகிறது. அதனால் சராசரியைச் சராசரியால் பெருக்கினால் எப்போதும் கூடுதலாகவே வரும்.

இரண்டு குப்பி வையுங்கள். ஒன்றின் பம்ப் குறைந்த ஃபேன் ஓடும்போது மட்டும் ஓடட்டும், இன்னொன்று நான்காவது ஃபேன் கிளம்பியதும் ஓடட்டும். கண்ட்ரோலரிலிருந்து ஒரு ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) இழுத்தால் போதும். எது எத்தனை நிமிடம் ஓடியது என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

---

உடுமலை ஃபேன் | ஜனவரி 30, பகல் 11:50

ரிலே நான் போட்டுத் தருகிறேன். கோழி பிடித்து ஷெட் காலியானதும் சொல்லுங்கள், நான்கு பெல்ட், இரண்டு புல்லி மாற்றி, எல்லா ஷட்டரையும் கழுவிவிடலாம். பேட் தொட்டித் தண்ணீரை அடியோடு மாற்றி, அடைத்த பேடுகளையும் கழற்றிவிட்டுப் புதிது போடுங்கள். காற்று கூடினால் ஷெட் சூடும் குறையும், இதே கரண்ட் பில்லில்.

---

பல்லடம் பண்ணை | ஜனவரி 30, இரவு 9:05

சரிங்க. பிப்ரவரி 8 கோழி பிடிக்கிறார்கள். பிப்ரவரி 22 அடுத்த குஞ்சு. ஷெட் 1-இல் எல்லாவற்றையும் சரிசெய்கிறேன், ஷெட் 2-ஐ இப்படியே விட்டு அங்கேயும் 21 கட்டம் அளக்கிறேன். நூல் சோதனையை இன்று காலையிலேயே பார்த்துவிட்டேன். எட்டில் மூன்று ஃபேனில் நூல் உள்ளே பறந்தது.

அந்த ஆலோசகருக்கும் இந்த எண்களை அனுப்பியிருக்கிறேன். அடுத்த பேட்ச் அளக்கும்போது கூட வந்து நிற்கச் சொன்னேன், வருகிறேன் என்றார். மாணவி, குப்பியும் அமிலமும் எங்கே வாங்குவது, உங்கள் ஆசிரியர் அனுமதித்தால் ஆய்வகச் செலவு எவ்வளவு ஆகும் என்று சொல்லம்மா. மார்ச் 29-ஆம் தேதி 35 நாள் ஆகிறது.